எமர்சன் கண்ட துயரம்



வாழ்க்கைத் துணையை இழந்தவர்கள் இறைவனை நோக்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'ஏன்?' என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிடும் கேள்வி அது. உலகத்துச் சமயங்கள் யாவும் அதற்கு விடை கூற முயன்றிருக்கின்றன. இழவு வீட்டுக்குச் செல்லும் நாமும் நமக்குத் தெரிந்த விடையைச் சொல்லிவிட்டு வருகிறோம். ஆனால், அத்தகைய விடைகளைப் பிறருக்கு எடுத்துரைப்பதையே கடமையாகக் கொண்ட ஒருவருக்கு அவ்விழப்பு நேருமாயின் என்ன ஆகும்? தாம் பிறருக்குச் சொல்லி வந்த சொற்கள் தம் துயரைத் தாங்குமா? இக்கேள்வியை மனத்திற் கொண்டு, அமெரிக்க நாட்டு அறிஞர் ரால்ப் வால்டோ எமர்சனுடைய வாழ்க்கையில் ஒரு பகுதியை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

எமர்சனைக் கட்டுரை ஆசிரியராகவே நம்மிற் பலர் அறிவோம். தன்னம்பிக்கையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பல நாடுகளிற் பாடமாக விளங்கியது. அந்தத் தன்னம்பிக்கைக்குப் பின்னே ஒரு கல்லறை இருந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

1803-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள், பாஸ்டன் நகரில் எமர்சன் பிறந்தார். தந்தையார் அந்நகரத்துத் திருச்சபை ஒன்றில் போதகர். மகனுக்கு எட்டு வயது நிறைவதற்குச் சில நாட்களே இருந்தபோது, 1811-இல் அவர் காலமானார். வறுமையிலும் கல்வியைக் கைவிடாத தாயாரும், கூர்த்த மதியும் கடுமையான பக்தியும் ஒருங்கே வாய்ந்த மேரி மூடி எமர்சன் என்னும் அத்தையும் பிள்ளைகளை வளர்த்தனர். எமர்சன் 1821-இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றார். சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். பின்னர்ச் சமயக் கல்வி பயின்று போதகர் ஆனார். அவர் சார்ந்திருந்தது யூனிட்டேரியன் என்னும் கிறித்தவப் பிரிவு. திரித்துவக் கொள்கையை ஏற்காமல் கடவுள் ஒருவரே என்று வற்புறுத்துவதும், அறிவுக்குப் பெரிதும் இடம் கொடுப்பதும் அப்பிரிவின் இயல்பு.

1827-ஆம் ஆண்டு டிசம்பரில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் கான்கார்டு என்னும் ஊருக்குப் பிரசங்கம் செய்யச் சென்றபோது, எல்லன் லூயிசா டக்கர் என்னும் பெண்ணை அவர் கண்டார். எல்லனுக்கு அப்போது வயது 16. அழகும் நகைச்சுவையும் கவிதை எழுதும் ஆற்றலும் உடையவர், காசநோயும் உடையவர். நோயை அறிந்தே எமர்சன் அவரை விரும்பினார். 1829 மார்ச் மாதத்தில் பாஸ்டன் நகரத்து இரண்டாம் திருச்சபையில் எமர்சன் போதகராக அமர்த்தப்பெற்றார். 1649-இல் தோன்றிய பழம்பெருஞ் சபை அது. அவ்வாண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் திருமணம் நிகழ்ந்தது.

அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து இல்லை. நோயின் காரணமும் தெரியாது. நல்ல காற்றும் வண்டிப் பயணமும் இடமாற்றமுமே மருத்துவர்கள் கூறிய வழிகள். எமர்சன் மனைவியை வண்டியில் அமர்த்தி ஊர் ஊராக அழைத்துச் சென்றார். 1830-இல் தட்பவெப்பம் நாடிப் பிலடெல்பியாவுக்கும் அழைத்துச் சென்றார். ஒன்றும் பயன்படவில்லை. 1831 பிப்ரவரி 8-ஆம் நாள் காலை எல்லன் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 19. இருவரும் கணவன் மனைவியாக வாழ்ந்தது ஓர் ஆண்டும் நான்கு மாதமும் சில நாட்களுமே. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த செய்தியை ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24-ஆம் நாள். அதற்கு அடுத்த மாதத்தில் எமர்சன் மறைந்தார். இளமையில் அவருடைய வீட்டைப் பாழாக்கிய பகைவன் யார் என்பதை உலகம் அறிவதற்குள் அவருடைய வாழ்நாள் முழுவதும் கழிந்துவிட்டது.

இனி, அவருடைய உள்ளத்தில் நிகழ்ந்ததைக் காண்போம். எமர்சன் இளமை முதல் நாட்குறிப்பு எழுதி வந்தவர். ஆகவே, ஊகித்து அறிய வேண்டியவை பலவற்றை நாம் அவர் கையெழுத்திலேயே காண முடிகிறது.

எல்லன் இறந்த அன்றே அவர் அத்தைக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் மனைவி விண்ணுலகு சென்றுவிட்டார் என்றும், தாம் தனியராயினும் வியக்கத்தக்க ஓர் அமைதி தம்மிடம் இருக்கிறது என்றும் அதில் தெரிவித்தார். இது பழகிய நம்பிக்கையின் குரல். ஐந்து நாட்களுக்குப் பின் எழுதிய நாட்குறிப்பில் அந்தக் குரல் இல்லை. தம்மை ஓர் உணர்வற்ற நிலை பற்றியிருப்பதாக அதில் எழுதுகிறார். அந்நிலை ஒருநாள் மாறிவிடும் என்பதையும் அவர் அறிந்திருக்கிறார். மாறிவிடுமே என்றுதான் அஞ்சுகிறார். நண்பர்களும் கடமைகளும் அன்றாட வாழ்வும் தம்மை மீண்டும் இழுத்துக்கொள்ளும். அப்போது எல்லன் என்ன ஆவார்? துயரம் நீங்கிவிடுமோ என்னும் அச்சம், துயரத்தினும் கொடியது. துணையை இழந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ராக்ஸ்பரி என்னும் இடத்தில் எல்லன் அடக்கம் செய்யப்பெற்றார். எமர்சன் பாஸ்டனிலிருந்து அக்கல்லறைக்கு நடந்து செல்வதை வழக்கமாகக் கொண்டார். மாதங்கள் பல கடந்தன, நடை நிற்கவில்லை. 1832 மார்ச் 29-ஆம் நாள் நாட்குறிப்பில் ஒரு செய்தி காணப்படுகிறது. அன்று எல்லனுடைய கல்லறைக்குச் சென்றதாகவும், பெட்டியைத் திறந்ததாகவும் எழுதியிருக்கிறார். அவ்வளவே. கண்டது யாது, எண்ணியது யாது என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. எதைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிய மனிதர் இங்கே ஒரே வரியில் நிறுத்திக்கொண்டார். வரலாற்று ஆசிரியர்கள் இதற்குப் பல விளக்கம் கூறுவர். நாமும் அந்த மௌனத்தை மதித்து அப்பாற் செல்வதே முறை. ஆனால் ஒன்று தெளிவு. விண்ணுலகத்தைப் பற்றிக் கேட்டும் சொல்லியும் வந்தவர், உண்மை எதுவாயினும் அதனைத் தம் கண்ணாலேயே காண வேண்டும் என்னும் நிலைக்கு வந்துவிட்டார்.

இதற்கிடையே போதகர் பணியும் நடந்துகொண்டிருந்தது. ஞாயிறுதோறும் பிரசங்கம், நோயுற்றோரைக் காணல், இறப்பு நேர்ந்த வீடுகளுக்குச் சென்று தேற்றுதல். அவருடைய போதகர் காலத்தைப் பற்றி ஒரு செய்தி வழங்கி வருகிறது. விடுதலைப் போரில் ஈடுபட்ட முதியவர் ஒருவர் இறக்கும் தறுவாயில் இருந்தார். அவரைக் காணச் சென்ற எமர்சனுக்கு ஆறுதல் மொழி வாயில் வரவில்லை. மேசைமேல் இருந்த மருந்துப் புட்டிகளைக் கண்டு, கண்ணாடி செய்யும் முறையைப் பற்றிப் பேசலானாராம். தொழில் தெரியாவிட்டால் வீட்டுக்குப் போகும்படி அம்முதியவர் கடிந்துகொண்டாராம். சிரிப்பை விளைவிக்கும் கதைதான். எனினும், உள்ளத்தில் இல்லாத ஒன்றை உதட்டாற் கூற இயலாத ஒருவரை இக்கதையிற் காண்கிறோம்.

1832-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எமர்சன் தம் சபையாருக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். அப்பமும் திராட்சரசமும் வைத்து நடத்தும் இராப்போசனச் சடங்கைத் தம்மால் வழக்கமான முறையில் நடத்த இயலவில்லை என்றும், அப்பொருள்கள் இன்றி நினைவு கூர்தலாக மட்டும் நடத்த விரும்புவதாகவும் தெரிவித்தார். சபையார் அன்போடும் உறுதியோடும் மறுத்துவிட்டனர். எமர்சன் மலைநாட்டிற்குச் சென்று சில வாரங்கள் தனித்திருந்து சிந்தித்தார். செப்டம்பர் 9-ஆம் நாள் சபையின்முன் நின்று தம் கருத்தை விளக்கிப் பிரசங்கம் செய்தார். இயேசுபிரான் இதனை என்றென்றைக்கும் உரிய சடங்காக ஏற்படுத்தவில்லை என்பது அவருடைய வாதத்தின் ஒரு பகுதி. தம் உள்ளம் ஈடுபடாத செயலைத் தாம் செய்யலாகாது என்பது மற்றொரு பகுதி. இச்சடங்கிற் பயன் காண்போர்மீது தமக்குப் பகை இல்லை என்பதையும் அவர் கூறத் தவறவில்லை. பின்னர்ப் பதவியைத் துறந்தார். உறுதியான ஊதியமும், நகரத்தாரின் மதிப்பும், தந்தை வழியில் வந்த தொழிலும் ஒருங்கே போயின.

இவ்விடத்தில் என்னைப் பற்றிச் சில சொற்கள் கூற அனுமதிக்க வேண்டுகிறேன். நான் 34 ஆண்டுகள் பள்ளிகளிற் பணியாற்றியவன். சைவக் குடும்பத்திற் பிறந்து, நாள்தோறும் தேவாரம் ஓதும் பழக்கம் உடையவன். என் மனைவி நோயுற்றிருந்த ஏழு மாதமும், அவள் படுக்கையின் அருகில் அமர்ந்து திருநீலகண்டப் பதிகத்தை ஓதினேன். திருஞானசம்பந்தர் திருச்செங்கோட்டில், அடியாரைப் பற்றிய குளிர்சுரம் நீங்கும்பொருட்டுப் பாடியருளியது என்று நம் பெரியோர் போற்றும் பதிகம் அது. அவள் பிழைக்கவில்லை. பதினாறாம் நாளுக்கு வந்தவர்கள் அன்போடு பேசினார்கள். வினைப்பயன் என்றார் ஒருவர். நல்லவர்களை இறைவன் விரைந்து அழைத்துக்கொள்வான் என்றார் மற்றொருவர். அவை எல்லாம் பல வீடுகளில் நானே சொன்ன சொற்கள். அதன்பின் ஐந்து திங்கள் அளவும் திருமுறை ஏட்டைத் திறப்பேன். ஓத வாராமல் மூடிவைப்பேன். இப்போது ஓதுகிறேன். ஆனால் அந்த ஒரு பதிகத்தை மட்டும் ஓதுவதில்லை. சம்பந்தப் பெருமான்மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. உள்ளம் வேறோர் இடத்தில் நிற்க, நா மட்டும் ஓதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பதே என் கருத்து. எமர்சன் திருச்சபையைத் துறந்த வரலாற்றை முன்பும் நான் படித்ததுண்டு. அந்த ஐந்து திங்களில் படித்தபோதுதான், அது கொள்கை வாதம் மட்டும் அன்று என்று எனக்குத் தோன்றியது.

தோன்றியதையே வரலாறு என்று கூறிவிடலாமா? கூடாது. மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கும்போது நான் அடிக்கடி எச்சரிப்பது ஒன்று: முன்னே நிகழ்ந்தது எல்லாம் பின்னே நிகழ்ந்ததற்குக் காரணம் ஆகிவிடாது. எல்லன் 1831-இல் மறைந்தார்; எமர்சன் 1832-இல் பதவி துறந்தார். அதனால் மனைவியின் மறைவே சமயப் பணியைத் துறக்கச் செய்தது என்று முடிவு கட்டுதல் எளிது. சான்றுகள் அவ்வளவு எளிய முடிவுக்கு இடம் தரவில்லை. செப்டம்பர்ப் பிரசங்கத்தில் எல்லனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஐயத்தின் விதையும் முன்னரே விழுந்திருந்தது. எமர்சனின் தமையனார் வில்லியம், 1824-இல் ஜெர்மனியிலுள்ள கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, விவிலியத்தை வரலாற்று முறையில் ஆராயும் புதிய கல்வியைப் பயின்றார். அதன் விளைவாகப் போதகர் ஆகும் எண்ணத்தையே கைவிட்டு வழக்கறிஞர் ஆனார். அப்புதிய கருத்துகள் எமர்சனுக்கும் எட்டியிருந்தன. அறிவு எழுப்பிய ஐயத்தோடு பல ஆண்டுகள் வாழ முடியும். உலகில் பெரும்பாலோர் அவ்வாறே வாழ்கின்றனர். துயரம் அந்த ஐயத்தைத் தோற்றுவிக்கவில்லை. இனியும் ஒத்திப்போட முடியாதபடி செய்தது. சான்றுகளின் எல்லைக்குள் நின்று நாம் சொல்லத்தக்கது இவ்வளவே.

1832 கிறிஸ்துமஸ் நாளன்று எமர்சன் ஒரு சிறு கப்பலில் ஏறினார். மால்டாத் தீவை அடைந்து, இத்தாலி வழியாகப் பாரிஸ் சென்று, அங்குள்ள புகழ்பெற்ற தாவரத் தோட்டத்தையும் உயிரினக் காட்சிச்சாலையையும் கண்டு வியந்தார். பிரிட்டனில் கோல்ரிட்ஜ், வேர்ட்ஸ்வொர்த், கார்லைல் ஆகியோரைச் சந்தித்தார். 1833 அக்டோபரில் தாயகம் திரும்பியபோது, பிரசங்க மேடைக்குப் பதிலாகச் சொற்பொழிவு மேடையைத் தேர்ந்துகொண்டார். வாழ்நாளில் ஏறத்தாழ 1,500 சொற்பொழிவுகள் ஆற்றினார். அத்துணிவுக்கு ஓர் உதவியும் இருந்தது. எல்லனுடைய குடும்பச் சொத்தில் அவருக்குரிய பங்கு, வழக்கு முடிந்தபின் எமர்சனுக்கு வந்தது. அதிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 டாலர் வருவாய் கிடைத்தது. எமர்சனின் சுதந்திரச் சிந்தனைக்கு நிதி வழங்கியவர், மறைந்த அவர் மனைவியே.

1835-இல் எமர்சன் லிடியா ஜாக்சன் என்னும் அம்மையாரை மணந்தார். அவரை லிடியன் என்று அழைப்பது எமர்சனின் வழக்கம். இருவரும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்டு என்னும் பெயருடைய மற்றோர் ஊரிற் குடியேறினர். 1839-இல் அவர்களுக்கு ஒரு பெண் மகவு பிறந்தது. அக்குழந்தைக்கு எல்லன் டக்கர் என்று பெயர் வைக்கலாம் என்று கூறியவர் லிடியன் அம்மையாரே. இறந்துபோன முதல் மனைவியின் பெயரைத் தம் மகளுக்குச் சூட்டிய பெருந்தன்மையை என்னென்பது! எல்லன் எழுதிய கவிதைகள் சிலவும் பின்னாளில் 'டயல்' என்னும் இதழில் வெளிவந்தன.

எமர்சன் நாத்திகர் ஆகிவிட்டாரா? அவ்வாறு கூறியோர் உண்டு. 1838 ஜூலை 15-ஆம் நாள், ஹார்வர்டு சமயக் கல்லூரி மாணவர்முன் அவர் ஆற்றிய உரை பெரும் புயலை எழுப்பியது. கடவுள் பண்டைக் காலத்தில் பேசி முடித்துவிட்டார் என்பதுபோலத் திருச்சபைகள் நடந்துகொள்வதாக அவர் குறை கூறினார். தாம் கேட்க நேர்ந்த ஒரு பிரசங்கத்தையும் அங்கே குறிப்பிட்டார். வெளியே பனி பெய்கிறது. உள்ளே போதகர் பேசுகிறார். அப்பேச்சில், அவர் எப்போதேனும் சிரித்ததற்கோ அழுததற்கோ, காதல் கொண்டதற்கோ மணம் புரிந்ததற்கோ ஓர் அடையாளமும் இல்லையாம்! வாழ்ந்து பெற்ற உண்மையைச் சொல்லாத போதகர் எதற்கு என்பது எமர்சனின் கேள்வி. எல்லனின் பெயர் இவ்வுரையிலும் இல்லை. ஆயினும் அவருடைய வரலாற்றை அறிந்தவர் இப்பகுதியைக் கடந்து செல்லும்போது சற்று நின்றே செல்வர். ஆண்ட்ரூஸ் நார்ட்டன் என்னும் பேராசிரியர், இது நம்பிக்கையின்மையின் புதிய வடிவம் என்று கண்டித்தார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஹார்வர்டு எமர்சனைத் தன் மேடைக்கு அழைக்கவில்லை. அவரோ, இறைவன் ஒவ்வோர் உள்ளத்திலும் இன்றும் பேசுகிறான் என்றே இறுதிவரை கூறிவந்தார்.

துயரம் ஒருமுறை வந்து பாடம் புகட்டிவிட்டு அகன்றுவிடுவது அன்று. அவருடைய தம்பியர் எட்வர்டு 1834-இலும் சார்லஸ் 1836-இலும் மறைந்தனர். மூத்த மகன் வால்டோ, 1842 ஜனவரி 27-ஆம் நாள், ஐந்து வயதில், செங்காய்ச்சலால் இறந்தான். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த 'அனுபவம்' என்னும் கட்டுரையில், துயரம் தமக்கு எதையும் கற்பிக்கவில்லை என்பதே தம் வருத்தம் என்று எமர்சன் எழுதினார். இத்தனை பெரிய இழப்பும் தம்மைப் புறத்தே மட்டும் தொட்டுச் சென்றதுபோலவும், தாம் முன்போலவே இருப்பது போலவும் உணர்வதாகக் கூறினார். இதனைக் கல்நெஞ்சம் என்று பழித்தவர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றாது. புறநானூற்றின் 245-ஆம் பாட்டில், சேரமான் மாக்கோதை தன் தேவி பெருங்கோப்பெண்டு ஈமத்தீயில் மறைந்த பின்னும் தான் உயிரோடு இருப்பதை எண்ணி, இது எத்தகைய இயல்பு என்று நொந்துகொள்கிறான். துயரம் பெரிதுதான், ஆனால் என் உயிரைக் கொள்ளும் அளவுக்கு அது பெரிதாக இல்லையே என்பது அவன் புலம்பல். காலத்தாலும் கடலாலும் பிரிந்த இருவர், ஒரே உண்மையைக் கண்டு ஒரே வகையாக வெட்கினர்.

பின்னாளில் எமர்சனுக்கு நம் நாட்டு நூல்கள் பெருந்துணையாயின. 1845-இல் சார்லஸ் வில்கின்சு மொழிபெயர்த்த பகவத்கீதையை ஆழ்ந்து பயின்றார். 1857-இல் 'பிரமம்' என்னும் கருத்தைப் பொருளாகக் கொண்டு ஒரு கவிதை இயற்றி வெளியிட்டார். 1875-இல் வெளிவந்த கட்டுரைத் தொகுதியில் இறவாமையைப் பற்றிய கட்டுரை ஒன்று உண்டு. அதனை அவர் எவ்வாறு முடித்தார் தெரியுமா? விவிலியத்தின் மொழியால் அன்று. கடோபநிடதத்து நசிகேதன் கதையால் முடித்தார். யமன் வாயிலில் நின்ற அந்தச் சிறுவன், இறந்தபின் மனிதன் உளன் என்பாரும் இலன் என்பாரும் உளரே, உண்மை யாது என்று வினவுகிறான். யமன் செல்வம் தருவதாகவும் நீண்ட ஆயுள் தருவதாகவும் கூறி அவ்வினாவைக் கைவிடுமாறு வேண்டுகிறான். சிறுவன் கைவிடவில்லை. ஆறுதலாக எதைக் கொடுத்தாலும் வாங்க மறுத்து, உண்மை ஒன்றையே கேட்டு நின்ற அவனை எமர்சன் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து நான் கொள்வன மூன்று. முதலாவது, துயருற்றவர் ஒருவர் வழிபாட்டை நிறுத்திக்கொண்டால், அவர் கடவுளைக் கைவிட்டார் என்று நாம் தீர்ப்புக் கூறலாகாது. தமக்குப் பொருந்தாத ஒரு சொல்லை மட்டுமே அவர் கைவிட்டிருக்கக்கூடும். இரண்டாவது, துயரம் நன்மைக்கே வந்தது என்று எவரிடத்தும் சொல்லலாகாது. எல்லனை இழந்ததனால் எமர்சன் பெரியவர் ஆனார் என்று கூறுவோர், அந்தப் பெருமையை அவர் விரும்பி வாங்கவில்லை என்பதை மறந்துவிடுகின்றனர். மூன்றாவது, அத்தகையவர் வீட்டுக்குச் செல்லும்போது விடைகளைச் சுமந்துகொண்டு செல்ல வேண்டுவதில்லை. அருகில் அமர்ந்து, அவர் பேசினால் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

1882 ஏப்ரல் 27-ஆம் நாள் எமர்சன் கான்கார்டில் காலமானார். முதுமையில் அவருக்கு நினைவாற்றல் தளர்ந்து, பொருள்களின் பெயர்களும் மறந்துபோயின. அக்காலத்தில் அவரை உடனிருந்து பேணியவர்களுள் ஒருவர் மகள் எல்லன். அவ்வீட்டில் அந்தப் பெயர் இறுதிவரை அழைக்கப்பட்டுக்கொண்டே இருந்தது.